கிணற்று மண்ணில் கிடைத்த பச்சைக் கல்: சேரலைட்டா, மோனசைட்டா?

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ரப்பர் விளையில் கிணறு தோண்டியபோது வெள்ளைக் களிமண்ணுக்குள் விரல் நகம் அளவில் சில கற்கள் கிடைத்தனவாம். பச்சை கலந்த பழுப்பு நிறம், அளவுக்கு மீறிய கனம். படமும் போட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தில் காட்டியபோது ஒருவர் "இது சேரலைட், உலகத்திலேயே அபூர்வம்" என்றும், இன்னொருவர் "சும்மா மோனசைட், மணவாளக்குறிச்சி மணலில் இல்லாததா" என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டில் எது சரி, விலை போகுமா, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. பார்க்கப்போனால் இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: சேரலைட் என்பது தனிக் கனிமமா, இல்லை மோனசைட்டின் ஒரு வகைக்கு வைத்த செல்லப்பெயரா? அதற்கு விடை தெரிந்தால்தான் மற்றவற்றுக்குப் பதில் சொல்ல முடியும்.

நான் கனிமவியல் படித்தவன். இந்த எல்லைப் பகுதியின் பெக்மடைட் என்ற பெரும்படிகப் பாறைகளோடு பல வருடம் பழகியிருக்கிறேன். கதிரியக்கப் பாதுகாப்பு என் துறை கிடையாது. அதைப் பற்றிக் கீழே சொல்வதை ஒரு கனிமவியல்காரனின் பொது அறிவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மோனசைட். இது ஒரு பாஸ்பேட் கனிமம். ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் என்று நான்முகிகள் இருக்கும். அந்த நான்முகிகளுக்கு இடையே பெரிய அணுக்கள் உட்காரும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தை ஒன்பது ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கும். மோனசைட்டில் அங்கே உட்காருபவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசான அரிய மண் தனிமங்கள். எது அதிகமோ அதன் குறியைப் பெயரின் பின்னால் சேர்த்து மோனசைட்-சீரியம், மோனசைட்-லாந்தனம் என்று எழுதுவது மரபு. நம் கடற்கரை மணலில் இருப்பது சீரியம் வகை. இட்ரியமும் கனமான அரிய மண் தனிமங்களும் சற்றுச் சிறியவை. ஒன்பது ஆக்சிஜன் சூழ்ந்த அந்த இடம் அவற்றுக்குப் பொருந்தாது. எனவே அவை செனோடைம் என்ற வேறொரு பாஸ்பேட்டாகப் படிகமாகின்றன. அதில் எட்டு ஆக்சிஜன்தான், அமைப்பு சிர்கானுடையது. இதெல்லாம் அணு அளவு தீர்மானிக்கிற விஷயம்.

இனி தோரியம். அரிய மண் அணுக்களுக்கு மூன்று நேர்மின்சுமை, தோரியத்துக்கு நான்கு. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் கணக்கு இடிக்கும். இதை இயற்கை இரண்டு வழிகளில் சரிசெய்கிறது. ஒரு வழியில், தோரியம் வரும்போதே இரண்டு மின்சுமை கொண்ட கால்சியத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நான்கும் இரண்டும் ஆறு. இரண்டு சீரியத்துக்கும் ஆறுதான். அளவிலும் பொருத்தம் உண்டு: கால்சியம் சுமார் 1.18 ஆங்ஸ்ட்ராம், தோரியம் சுமார் 1.09. சராசரி 1.13-க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. இது அரிய மண் தனிமமான சமேரியத்தின் அளவேதான். ஆகவே படிகம் பெரிதாக அலுங்குவதில்லை. மற்ற வழியில், தோரியம் அரிய மண்ணின் இடத்தில் அமர, பாஸ்பரஸின் இடத்தில் சிலிக்கான் அமர்கிறது. முதல் வழியில் கடைசி வரை போனால் கிடைப்பது கால்சியமும் தோரியமும் சரிபாதி கொண்ட பாஸ்பேட், அதாவது சேரலைட். இரண்டாம் வழியின் எல்லையில் இருப்பது ஹட்டோனைட். நியூசிலாந்துக் கடற்கரை மணலில் முதலில் அடையாளம் கண்ட தோரியம் சிலிக்கேட்.

மோனசைட், சேரலைட், ஹட்டோனைட் மூன்றுக்கும் படிக அமைப்பு ஒன்றே. எல்லாம் ஒற்றைச்சரிவு வகை, எல்லாம் மோனசைட் குழு. ஆனாலும் கனிமங்களை வகுப்புகளாகப் பிரிக்கும் ஸ்ட்ரன்ஸ் வகைப்பாட்டைத் திறந்தால் மோனசைட்டும் சேரலைட்டும் எட்டாம் வகுப்பில், பாஸ்பேட்டுகளோடு 8.ஏ.டி.50 என்ற எண்ணில் இருக்கும். ஹட்டோனைட் மட்டும் ஒன்பதாம் வகுப்பில் சிலிக்கேட்டுகளோடு நிற்கும். வகுப்பைத் தீர்மானிப்பது எதிர்மின் பகுதி (பாஸ்பேட்டா, சிலிக்கேட்டா என்பது), குழுவைத் தீர்மானிப்பது அமைப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் "மோனசைட் குழுவில் இருக்கிறதே, அப்படியென்றால் மோனசைட்தானே" என்று வாதாடுகிறார்கள். குழுவில் இருப்பதால் ஒன்றின் தனிப் பெயர் போய்விடாது.

சேரலைட்டின் கதை உங்கள் ஊருக்கு ரொம்பப் பக்கத்தில் தொடங்குகிறது. 1953-ல் போவி, ஹார்ன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் திருவிதாங்கூரின் கல்குளம் தாலுகாவில் குட்டக்குழியிலிருந்து கிடைத்த பச்சைக் கனிமம் ஒன்றைப் புதியது என்று விவரித்தார்கள். பழைய சேர நாட்டை வைத்துப் பெயரிட்டார்கள். 1956 நவம்பர் 1-ல் கல்குளமும் விளவங்கோடும் அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதனால் முதல் மாதிரி கிடைத்த இடம் இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். சில பட்டியல்களில் கேரளம் என்றும் சிலவற்றில் தமிழ்நாடு என்றும் பார்த்தால் இரண்டு வெவ்வேறு இடம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அங்கே அது இருந்த விதத்தைக் கவனியுங்கள், உங்கள் கேள்விக்கு அது உதவும். பெக்மடைட் நாளம் ஒன்று, அதிலிருந்த பெல்ட்ஸ்பார் மக்கி வெள்ளைக் களிமண்ணாக, அதாவது கயோலினாக மாறியிருக்கிறது. கூடவே கறுப்பு டூர்மலின், கிரைசோபெரில், சிர்கான், புகைநிறக் குவார்ட்ஸ். இந்தப் பட்டியலில் உள்ள கிரைசோபெரில் வேறு எதுவுமில்லை, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் மண்ணைத் தோண்டிச் சலித்துத் தேடும் வைடூரியத்தின் கனிமம்தான். பெல்ட்ஸ்பார் மழையில் கரைந்து களிமண்ணானாலும், சேரலைட்டும் மோனசைட்டும் நீரில் எளிதாகக் கரையாதவை என்பதால் அப்படியே தங்கிவிடும். ஆக, வெள்ளைக் களிமண்ணில் கனமான கல் என்ற உங்கள் விவரம் நம்பக்கூடியதுதான். இடம் பொருந்துகிறது. ஆனால் இடம் பொருந்துவதை மட்டும் வைத்துக் கனிமத்துக்குப் பெயர் வைக்க முடியாது. அதே களிமண்ணில் சாதாரண மோனசைட்டும் இருக்கலாம்.

1953-ல் ஆய்வு செய்த மாதிரியில் தோரியம் ஆக்சைடு முப்பது சதவீதத்துக்குச் சற்று மேல், கால்சியம் ஆக்சைடு ஆறு சதவீதம் அளவு, யுரேனியம் ஆக்சைடு நான்கு சதவீதம் அளவு. அரிய மண் ஆக்சைடுகளும் ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் இருந்தன. அதாவது அது தூய முனை (தொடரின் கலப்பில்லாத கடைசி உறுப்பு) இல்லை. பாதி வழியைத் தாண்டிய கலவை. பின்னாளில் குழப்பம் வந்தது இங்கேதான். 1980-ல் நமீபியாவில் பிரபன்ட் என்ற பண்ணையிலிருந்து கிட்டத்தட்டத் தூய கால்சியம்-தோரியம் பாஸ்பேட் கிடைத்து, அதற்குப் பிரபன்டைட் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு முனைக்குப் பிரபன்டைட், நடுவே வரும் கலவைக்குச் சேரலைட் என்று எழுதும் வழக்கம் வந்தது. கேட்க நன்றாக இருந்தாலும் இது கனிமப் பெயரிடும் பொது விதிக்கு ஒத்துவராது. இரண்டு முனைகளுக்கு நடுவே தொடர்ச்சியான கலவை இருந்தால், பாதிக்கு மேல் எந்த முனையோ அதன் பெயர்தான் மொத்தத்துக்கும். நடுவில் மூன்றாவது பெயருக்கு இடம் கிடையாது. 2007-ல் லிந்தவுட் என்பவர் கனடாவின் கனிமவியல் இதழில் எழுதிய கட்டுரையோடு இது தீர்ந்தது: பிரபன்டைட் என்ற பெயர் கைவிடப்பட்டது, கால்சியம்-தோரியம் பாஸ்பேட் மேலோங்கிய எதுவானாலும் சேரலைட் என்றானது. பழைய பெயருக்கு முன்னுரிமை என்பதால் நம் பக்கத்துப் பெயர் நின்றது. நல்ல முடிவு என்பது என் கருத்து. ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை, குட்டக்குழி மாதிரியே பாதியைத் தாண்டியதால்தான் சொல்கிறேன். 2007-க்கு முந்தைய கட்டுரைகளிலும் பழைய அருங்காட்சியகச் சீட்டுகளிலும் சேரலைட் என்று பார்த்தால், அங்கே எந்த வரையறையைப் பயன்படுத்தினார்கள் என்று ஒருமுறை யோசித்துக்கொள்ள வேண்டும். பாதியைத் தொடாத, தோரியம் சற்றுக் கூடிய மோனசைட்டுகள் பலவும் அந்தப் பெயரில் உலவியிருக்கின்றன.

ஆகவே முதல் கேள்விக்கு உறுதியான பதில்: சேரலைட் தனிக் கனிமம். உங்கள் ஊர்க்காரர்கள் இருவரும் ஒரே தொடரின் இரண்டு முனைகளைச் சொல்கிறார்கள்.

உங்கள் கல் எது என்பதில் உறுதி கிடையாது. நீங்கள் போட்ட படத்தை வைத்து நானோ வேறு யாரோ சொல்லிவிட முடியாது. ஏனென்று சொல்கிறேன். நிறம் பச்சை என்கிறீர்கள். சேரலைட் பச்சை என்று நூல்களிலும் இருக்கிறது, சரி. ஆனால் மோனசைட்டும் தேன் நிறத்திலிருந்து செம்பழுப்பு, பச்சை கலந்த பழுப்பு வரை வரும். அதைவிட முக்கியமான பொறி ஒன்று இருக்கிறது. மோனசைட்டில் உள்ள நியோடிமியம் ஒளியின் மஞ்சள் பகுதியைக் குறுகிய பட்டையாக விழுங்கும். சி.எஃப்.எல். விளக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் அதன் ஒளி சில நிறங்களில் மட்டும் குவிந்திருக்கும்; அதன் கீழே பழுப்பு மோனசைட் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். சேகரிப்பாளர்கள் மணலில் மோனசைட்டைக் கண்டுபிடிக்கவே இந்த வித்தையைப் பயன்படுத்துவதுண்டு. உங்கள் படம் இரவில் சமையலறை விளக்கில் எடுத்தது போலத் தெரிகிறது. கல்லைக் காலை வெயிலில், வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பாருங்கள். அங்கே பழுப்பாகவும் விளக்கில் பச்சையாகவும் இருந்தால் நியோடிமியம் நிறைய உள்ளது என்று பொருள், அது மோனசைட் பக்கம் சாய்கிறது. வெயிலிலும் பச்சை என்றால் சேரலைட்டுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடுகிறது. கொஞ்சம்தான்.

கனத்தை வீட்டிலேயே அளக்கலாம். நகைக்கடையில் வைத்திருப்பது போல 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். முதலில் கல்லை உலர நிறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ முட்டக் கூடாது. இப்போது தராசு காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. உலர் எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது. குவார்ட்ஸ் 2.65, டூர்மலின் 3.1-ஐ ஒட்டி, பச்சை அபடைட் 3.2, கிரைசோபெரில் 3.7, சிர்கான் 4.6 முதல் 4.7, மோனசைட் 4.6 முதல் 5.4, சேரலைட் 5.3-ஐ ஒட்டி. மூன்றைச் சுற்றி வந்தால் சேரலைட், மோனசைட் இரண்டையும் மறந்துவிடலாம். நான்கரைக்கு மேல் வந்தால் ஆட்டம் தொடர்கிறது. அப்போது சிர்கானைக் கழிக்க வேண்டும்: ஒரு குவார்ட்ஸ் துண்டின் முனையால் மெல்லக் கீறினால் மோனசைட்டிலும் சேரலைட்டிலும் கோடு விழும், ஏனென்றால் அவற்றின் கடினத்தன்மை ஐந்து, ஐந்தரை அளவுதான். சிர்கான் ஏழரை, அதில் குவார்ட்ஸால் கோடு விழாது. கீறும்போது கல்லை ஈரமாக வைத்திருங்கள், பொடி பறக்காது. சிறிய கல்லில் தராசுப் பிழை பெரிதாகத் தெரியும் என்பதால் எல்லாக் கல்லையும் ஒன்றாகக் கட்டி நிறுப்பது நல்லது; ஆனால் எல்லாம் ஒரே இனமாக இருக்க வேண்டும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் "மோனசைட் அல்லது சேரலைட்" என்ற இடத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். அதற்கு மேல் போகாது. கைகர் கருவி இருந்தாலும் அப்படித்தான். கதிரியக்கம் இருக்கிறது என்று அது சத்தம் போடும். ஆனால் பத்து சதவீதத் தோரியம் கொண்ட பெரிய கல்லும் முப்பது சதவீதம் கொண்ட சின்னக் கல்லும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். எக்ஸ்-கதிர் சோதனைகூடத் தனியாகப் போதாது. அமைப்பு ஒன்று என்று மேலே சொன்னேன் அல்லவா. படிகக் கூட்டின் அளவு மோனசைட்டில் சுமார் 6.79, 7.02, 6.47 ஆங்ஸ்ட்ராம், சேரலைட்டில் சுமார் 6.71, 6.92, 6.42. இந்தச் சிறு சுருக்கத்தைத் துல்லியமான கருவி காட்டும், ஆனால் நடுவே வரும் கலவையில் கோடு எங்கே விழுகிறது என்பதை வேதியியல்தான் சொல்ல வேண்டும். எலக்ட்ரான் மைக்ரோபுரோப் என்ற கருவிதான் இதற்கு வழக்கம். மெருகேற்றிய கல்லில் ஒரு மைக்ரோமீட்டர் அளவுப் புள்ளியில் எலக்ட்ரானைப் பாய்ச்சி, எந்தத் தனிமம் எவ்வளவு என்று படிக்கும். ஒரே படிகத்தின் நடுப்பகுதி சேரலைட்டாகவும் ஓரம் மோனசைட்டாகவும் இருப்பது அரிதல்ல. அதனால் பல புள்ளிகளில் அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தக் கனிமத்தில் மிகவும் பிடித்தது அதுதான். இத்தனை தோரியம் இருக்கும் ஒரு படிகம் தன் கதிரியக்கத்தாலேயே உள்ளே நொறுங்கிப்போக வேண்டும். ஒவ்வொரு ஆல்பாச் சிதைவிலும் பின்னோக்கித் தள்ளப்படும் அணு, வழியில் இருக்கும் அணுக்களை எல்லாம் கலைத்துவிடும். சிர்கானுக்கு அப்படித்தான் நடக்கிறது. யுரேனியம் நிறைந்த பழைய சிர்கான் படிக ஒழுங்கை இழந்து கண்ணாடி போல ஆகிவிடும். தென்கேரளப் பாறைகளில் உள்ள மோனசைட் வகைகளில் பெரும்பகுதி 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை, முப்பது சதவீதத் தோரியம் கொண்ட சேரலைட்டும் அந்தக் காலம் முழுக்கத் தாங்கியிருக்கிறது. படிக ஒழுங்கு அப்படியே. பாஸ்பேட் அமைப்பு, கலைந்த அணுக்களைக் குறைந்த வெப்பத்திலேயே மறுபடி தம் இடத்தில் சேர்த்துக்கொள்கிறது. அணுக்கழிவை மோனசைட், சேரலைட் போன்ற செயற்கைப் பீங்கானுக்குள் பூட்டிவைக்க முடியுமா என்று உலகின் பல ஆய்வுக்கூடங்கள் முயல்வதற்கு இதுவே காரணம். வயது கணிக்கவும் இது வசதி: படிகம் உருவாகும்போது ஈயம் கிட்டத்தட்ட உள்ளே வருவதில்லை, எனவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் எல்லாம் தோரியமும் யுரேனியமும் சிதைந்து வந்தது என்று கொள்ளலாம்.

விலை பற்றி. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரையறுக்கப்பட்ட பொருள். உரிமம் இல்லாமல் எடுத்து வைத்துக் கைமாற்றுவதற்கு அது வைடூரியம் இல்லை. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மணவாளக்குறிச்சி மணலில் இதை அடையாளம் கண்ட காலத்தில் வாயு விளக்கின் வலைக்காகத் தோரியத்துக்குக் கிராக்கி இருந்தது. இப்போது எடுப்பதும் பிரிப்பதும் அரசு நிறுவனத்தின் கையில். சேரலைட்டில் தோரியம் இன்னும் அதிகம் என்பதால் சட்டம் இளகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். "அபூர்வக் கல், நல்ல விலை தருகிறேன்" என்று யாராவது வந்தால் பேச்சை வளர்க்காதீர்கள். அபூர்வம் என்பது கனிமவியலில் மட்டும். உங்கள் கையில் உள்ள சில கிராமுக்குத் தொழில் மதிப்பு ஒன்றுமில்லை.

வீட்டில் வைப்பது பற்றி, முன்பே சொன்னபடி, பொது அறிவாக மட்டும் சொல்கிறேன். கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் அங்கே எழுபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வெளியிலிருந்து வரும் காமா கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இது உறுதியாக வெளிவந்த முடிவு. ஆனால் அது மணல் மேல் வாழ்வதைப் பற்றியது. கல்லை அரைத்துப் பொடியை மூச்சில் இழுப்பதைப் பற்றியது இல்லை. ஆல்பா வெளியிடும் தூசு நுரையீரலுக்குள் போவது வேறு கணக்கு. எனவே உடைக்காதீர்கள், பட்டை தீட்டக் கொடுக்காதீர்கள், பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதீர்கள், தலைமாட்டில் வைக்காதீர்கள். தொட்டால் கை கழுவுங்கள். மூடிய டப்பாவில் போட்டு, ஆள் படுக்காத காற்றோட்டமுள்ள இடத்தில், சோதனைக்குக் கொடுக்கும் வரை வைத்திருங்கள்.

கொடுக்க வேண்டிய இடம் அணுசக்தித் துறையின் அணுக் கனிம ஆய்வு இயக்குநரகம். தலைமையகம் ஹைதராபாத்தில், தென்மண்டல அலுவலகம் பெங்களூருவில். முதலில் கடிதமோ மின்னஞ்சலோ போட்டுக் கேளுங்கள், கல்லைத் தபாலில் அனுப்பாதீர்கள். தோண்டிய ஆழம், களிமண்ணின் நிறம், கூடக் கறுப்புக் கல், புகைநிறக் கல் கிடைத்திருந்தால் அவற்றையும் எழுதுங்கள். கல்லை விட அவர்களுக்கு அந்த விவரம்தான் பெரிது. கிணற்று மண்ணைக் கொட்டிய இடத்தை ஒருமுறை பார்த்து, அதே களிமண்ணில் ஒரு பிடியை அப்படியே பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் உங்கள் கைக்கு ஆய்வு அறிக்கை வந்தால் இரண்டு வரிகளைப் பாருங்கள். தூய சேரலைட்டில் தோரியம் ஆக்சைடு 57 சதவீதம், கால்சியம் ஆக்சைடு 12 சதவீதம். உங்கள் அறிக்கையில் இவற்றின் பாதிக்கு மேல், அதாவது தோரியம் சுமார் 28-க்கு மேல், கால்சியம் 6-க்கு மேல் இருந்தால் அது சேரலைட். தோரியம் எட்டு, பத்து என்று நின்றால் மோனசைட். தோரியம் மட்டும் ஏறிக் கால்சியம் ஏறாமல் இருந்தால் சிலிக்கா எவ்வளவு என்று பாருங்கள். அங்கே கல் ஹட்டோனைட் பக்கம் போயிருக்கும், அப்போது இருவர் சொன்னதும் சரியில்லை.